பேப்பரில் உன் பேர் வந்துகொண்டே இருந்தது

கிழக்கு தாம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு ஸஹானாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். அங்கே நீ சுகமா என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும், அதுதான் முறை, ஆனால் அந்த வார்த்தையை எழுதப் போனால் கை நின்றுவிடுகிறது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டிப் படுக்க வைத்திருக்கிற பெண்ணிடம் சுகமா என்று கேட்பது கேலி பண்ணுகிற மாதிரி இருக்கிறது. போனில் பேசலாம் என்றால் உன்னால் பதில் சொல்ல முடியாது, வீடியோவில் உன் முகத்தைப் பார்த்ததும் நான் அழுததுதான் மிச்சம், அப்பா போனைப் பிடுங்கி அணைத்தே விட்டார். வாட்ஸ்அப்பில் தட்டினால் எனக்கு இரண்டு வரிக்கு மேல் விரல் ஓடாது, அதற்கும் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். மூன்று நாளாக எனக்குள் ஓடுவதையெல்லாம் எழுதிவிடுகிறேன், திட்டு இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. குரியர் கடைக்காரர் வியாழக்கிழமைக்குள் சேர்ந்துவிடும் என்கிறார்.

முதலில் எங்கள் பக்கத்தில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ வடக்கே தாமோதர்கஞ்சுக்கு நிருபராகப் போனதிலிருந்து இந்த வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது, உன்னிடம் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பாய். அந்த ஊர்ப் பதிப்பு இங்கே கடையில் கிடைக்காது அல்லவா, அதனால் அப்பா எழுந்ததும் பல் கூடத் தேய்க்காமல் டேப்லெட்டைத் திறந்து இ-பேப்பரில் உன் பேரைத் தேடுவார். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கித் தேடுவதற்குள் விடிந்துவிடும். கண்டுபிடித்ததும் ஹாலிலிருந்து "இருக்கா" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான், அதற்கப்புறம்தான் நான் டிகாக்‌ஷனில் பாலை ஊற்றுவேன். பேர் இல்லாத நாளில் உனக்கு "சாப்பிட்டியா" என்று மெசேஜ் போடுவேன். அம்மா சில நாள் விழுந்து விழுந்து விசாரிக்கிறாள், சில நாள் கண்டுகொள்வதே இல்லை என்று நீ குறைப்பட்டிருக்கிறாய், காரணம் இதுதான். பேர் வந்திருக்கிறது என்றால் பெண் நன்றாக இருக்கிறாள், ஓடியாடி வேலை பார்க்கிறாள், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று நாங்கள் எங்கள் பாட்டுக்கு இருந்துவிட்டோம்.

போன வாரம் முழுக்க அப்பா தினமும் "இருக்கா" என்றார், ஒரு நாள் கூடத் தவறவில்லை. தொடர் வேறு, முதல் பக்கத்தில் படத்தோடு வந்ததால் தேடவே வேண்டியிருக்கவில்லை. கோவிலம்பாக்கம் அத்தைக்கு அனுப்பினேன், காலனி குரூப்பில் போட்டேன், அப்பா மொட்டை மாடியில் நடக்கும்போது எதிரில் வந்தவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார். நீயும் "சீரிஸ் ஓடுதும்மா, தலைக்கு மேல வேலை, நானே கூப்பிடறேன்" என்று தட்டிவிட்டாய். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்கள் பேசுவதை வைத்தே சாவுச் செய்தியா கல்யாணச் செய்தியா என்று சொன்னவள் நான். பெற்ற பெண் ஒரு வாரத்துக்கு மேல் குரலே காட்டவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. உன் பேர்தான் வந்துகொண்டே இருந்ததே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு செல்வமேரியின் மகன் பிரிட்டோ வந்தான். மெப்ஸில் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறான், தோளில் பை, கழுத்தில் கம்பெனி அட்டை, செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்றான். "ஆன்ட்டி, அக்கா இப்ப எப்படி கீறாங்க?" என்றான். இவன் எதற்குத் திடீரென்று உன்னை விசாரிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கென்ன, ராஜாத்தி மாதிரி இருக்கிறாள், இன்றைக்குக் கூடப் பேப்பரில் வந்திருக்கிறது பார் என்று டேப்லெட்டை எடுத்து நீட்டினேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்தான். "உங்களுக்கு யாரும் சொல்லலியா ஆன்ட்டி" என்று கேட்டுவிட்டுத் தன் போனைக் காட்டினான். உங்கள் ஊர்ப் பத்திரிகையாளர் சங்கத்தின் கண்டன அறிக்கை, கூடவே ஒரு படம். முகம் பூராவும் கட்டு, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அது நீ என்று எனக்குத் தெரியவில்லை, ஸஹானா. பெற்றவளுக்குத் தெரியவில்லை. காதில் இருந்த சின்ன ஜிமிக்கியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், பொங்கலுக்கு வந்தபோது நாம் இரண்டு பேரும் போய் வாங்கியது. அறிக்கையில் போட்டிருந்த தேதி தொடர் ஆரம்பிப்பதற்கு முந்தைய தேதி. ஒரு கையில் அன்றைய பேப்பரில் உன் பேர், இன்னொரு பக்கம் பிரிட்டோ கையில் அந்தப் படம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன், இரண்டில் எது பொய் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. பிரிட்டோதான் ஓடிப்போய் அவன் அம்மாவைக் கூட்டி வந்தான்.

அப்பா உன் ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்து, உன்னோடு வேலை பார்க்கிற உமேஷிடம் பேசினார். நீயும் அந்தப் பையனும் மட்டும்தான் இப்போது அந்த ஆபீஸில் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். தொடரை முன்னாலேயே எழுதி டெஸ்க்கிடம் கொடுத்து வைத்திருந்தாயாம், கடைசிப் பாகம் மட்டும்தான் பாக்கியாம். நிறுத்தி வைக்கட்டுமா என்று எடிட்டர் கேட்டதற்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே வேண்டாம், போடுங்கள் என்று நீ போனில் தட்டி அனுப்பினாயாம். அந்தப் பிள்ளை இதைப் பெருமையாகச் சொன்னது. உங்கள் தொழிலில் இது வீரமாக இருக்கலாம், நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் நீ மயக்க மருந்தில் கிடந்த காலையில் உன் அப்பா "இருக்கா" என்றார், நான் காபி குடித்தேன். எங்களைக் கலவரப்படுத்தக் கூடாது என்றுதான் மறைத்தாய் என்று உமேஷ் சொன்னார். நல்ல யோசனை, கண்ணு. இப்போது பார், அந்த ஒரு வாரத்துக்கும் சேர்த்துக் கலவரப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

யார் அடித்தது என்று அப்பா கேட்டார். "அங்கிள், முதல் பாகத்துல டீ கிளாஸோட ஒருத்தர் போட்டோ வந்துச்சே, அவர்தான்" என்றார் உமேஷ். அவர் இந்தியும் இங்கிலீஷுமாகச் சொன்னதைத்தான் இப்படி எழுதியிருக்கிறேன். ஸஹானா, அந்தப் படத்தை எனக்குத் தெரியும். நரைத்த மீசை, கழுத்தில் துண்டு, படம் எடுக்கிற உன் பக்கம் கண்ணாடி கிளாஸை நீட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிற மனுஷன், பைஜ்நாத் என்று கீழே பேர். ஆலையில் உலைக்கு முன்னால் ஆயுசைக் கழித்தவர் என்று போட்டிருந்தாய். நல்ல முகம் என்று நானே சொன்னேன். "எங்க ஸஹானா எடுத்த படம்" என்று எழுதி காலனி குரூப்பில் போட்டது நான்தான், எத்தனை கைதட்டல், எத்தனை பூங்கொத்து. நீ அவன் கையால் தாடை உடைந்து கிடந்தபோது அவன் முகத்தை நான் ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். இதற்கு மேல் ஒரு அம்மாவுக்கு என்ன நடக்க வேண்டும்?

மீதியையும் உமேஷ் சொன்னார். மூடிப்போன ஆலையின் இயந்திரங்களைக் கோர்ட் தீர்ப்பு வரும் முன்பே ராவோடு ராவாக வெட்டி லாரியில் ஏற்றுகிறார்களாம், பழைய இரும்பு எடுக்கிற காண்டிராக்டர், வேலை போன தொழிலாளிகளையே பிடித்து வாசலுக்குக் காவல் போட்டிருக்கிறானாம், மற்ற தொழிலாளிகளை உள்ளே விடாமல் தடுப்பதற்கு. கடைசிப் பாகத்துக்காக நீ அதைப் படமெடுக்கப் போயிருக்கிறாய். போனை உடை என்று உள்ளேயிருந்து காண்டிராக்டர் ஆள் கத்தியிருக்கிறான். அந்தக் காவலில் நின்ற பைஜ்நாத் கம்பைச் சுழற்றியது உன் கையிலிருந்த போனை நோக்கித்தானாம், நீ அதை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாயாம். விழுந்த உன்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தன் துண்டால் உன் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்ததும் அவன்தானாம். இதை உமேஷ் எங்களிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். முழுக்க வெறுக்கவாவது வழி இருந்திருக்கும், அதையும் கெடுத்துவிட்டார்.

அன்றைக்கு ராத்திரியே நான் எல்லாப் பாகத்தையும் படிக்க ஆரம்பித்து மறுநாள் மத்தியானம்தான் முடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், இதுவரை நீ எழுதியது எதையும் நாங்கள் முழுசாகப் படித்ததில்லை. பேரைப் பார்ப்போம், தலைப்பைப் பார்ப்போம், படம் இருந்தால் பார்ப்போம். அப்பாவுக்காவது கண் ஒரு சாக்கு. எனக்கு என்ன கேடு? நீ இங்கே ஊர்ப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தபோது பள்ளிக்கரணையில் குப்பை, வேங்கைவாசலில் தண்ணீர் தேங்கியது என்று எல்லாம் தெரிந்த இடமாக இருக்கும், ஒரு பார்வை பார்த்தால் போதும். தாமோதர்கஞ்சில் இன்னொரு ஆலை மூடியது, சம்பளம் வரவில்லை, குவார்ட்டர்ஸில் கரண்டை வெட்டினார்கள் என்றால் பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அங்கே யாரும் போக மாட்டேன் என்றபோது நீயாகக் கேட்டுப் போனாயே, மற்றவர்கள் ஒவ்வொருவராக மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தபோதும் நீ மட்டும் இருந்தாயே, அங்கே அப்படி என்னதான் வைத்திருக்கிறது என்று நான் ஒரு நாளும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூடிப்போன ஆலையின் சங்கை நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடாததால் காவல்காரர் இன்னும் ஷிப்ட் நேரத்துக்கு ஊதிக்கொண்டிருக்கிறார், அந்தச் சங்கைக் கேட்டுத்தான் ஊரில் அடுப்புப் பற்றவைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய், அந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன்.

நாலாவது பாகத்தில் ஒரு வரி இருக்கிறது. ஆலை வாசலுக்கு இனி வராதே என்று இந்த நிருபர் இரண்டு முறை எச்சரிக்கப்பட்டார் என்று. பச்சையாக அச்சில் போட்டிருக்கிறது. ஊரெல்லாம் படித்திருக்கும், அந்தக் காண்டிராக்டர் படித்திருப்பான், காலனி குரூப்பில் அதற்கும் யாரோ பூங்கொத்துப் போட்டிருக்கிறார்கள். பெற்ற இரண்டு பேர் படிக்கவில்லை. அது வந்த அன்றும் அப்பா "இருக்கா" என்றார். அதை அவரிடம் வாசித்துக் காட்டியபோது அவர் எழுந்து பால்கனிக்குப் போனார், துணி எடுக்கிற மாதிரி கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார், கொடியில் துணியே இல்லை. நேற்றும் இன்றும் விடிகாலையில் எழுந்து வழக்கம்போல உட்கார்ந்தார், டேப்லெட்டைத் திறக்கவில்லை.

போலீஸில் புகார் கொடுக்க மாட்டேன் என்று நீ அப்பாவுக்குத் தட்டியிருந்ததைப் பார்த்தேன். கொடுத்தால் பைஜ்நாத்தை உள்ளே போடுவார்கள், காண்டிராக்டர் வெளியே சிரித்துக்கொண்டிருப்பான், அந்த மனுஷனுக்கு இரண்டு பெண்கள் என்று. ஸஹானா, எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். நீ பெரிய மனசுக்காரி, நான் இல்லை. போட்டோவை டெலீட் பண்ணிடுங்க ஆன்ட்டி என்று பிரிட்டோ சொன்னான், குரூப்பிலிருந்து எடுக்க நேரம் கடந்துவிட்டதாம், என் போனிலிருந்து மட்டும் எடுக்கலாம் என்று அவனே தடவிக் காட்டினான். அழிப்பதற்கு முன்னால் ஒரு முறை பார்த்தேன். கிளாஸை நீட்டுகிற அந்தக் கையைத்தான் பார்த்தேன், இந்தக் கைதானா, இந்தக் கைதானா என்று. அழிக்க முடியவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன், ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. புகார் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம், உடைந்தது உன் தாடை. ஆனால் கொடுக்காமல் இருப்பதற்கு எங்களைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று மெனக்கெடாதே, நாங்கள் சமாதானம் ஆகப் போவதில்லை.

இங்கே மற்ற சேதி என்றால், கோவிலம்பாக்கம் அத்தை விஷயம் தெரிந்ததும் ஆட்டோ பிடித்து வந்து அழுதுவிட்டு, அழுகையோடு அழுகையாக அந்த மேடவாக்கம் வரனைப் பற்றியும் ஒரு வார்த்தை போட்டாள். பெண் இனிமேல் இங்கேதானே இருப்பாள் என்றாள். நான் உள்ளே போய் ரசத்துக்குப் புளி கரைத்தேன். செல்வமேரி தினமும் இரண்டு வேளை வருகிறாள், இன்று சர்ச்சில் காலைப் பூசையில் சுகத்துக்காக வேண்டிக்கொள்ளும் இடத்தில் உன் பேரை வாசிக்கச் சொல்லிக் கொடுத்தாளாம், சாமியார் ஸ்ஹானா, ஸஹானா என்று இரண்டு தடவை தடுமாறி வாசித்தாராம். எல்லோரும் எழுந்து நின்றார்கள் என்று சொன்னாள். நானும் குன்றத்தூர் போய் வந்தேன். இந்த வேலையை நீ விட்டுவிட வேண்டும் என்று முருகனிடம் கேட்கத்தான் படியேறினேன், சன்னிதியில் நின்றால் வாயில் வரவில்லை, எலும்பு சேரட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அப்பாவுக்குப் புதன்கிழமை கண் ஆபரேஷன், இந்தத் தேதி கிடைக்க எத்தனை நாள் அலைந்தோம் என்று உனக்குத் தெரியும். தள்ளிப் போடுகிறேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார், நீயும் நானுமாகத்தான் சம்மதிக்க வைத்தோம். அதனால் அவர் வர முடியாது. அத்தை வந்து கூட இருப்பாள், சொட்டு மருந்து போட பிரிட்டோ ஒத்துக்கொண்டிருக்கிறான். நான் வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன். தனியாக. திருப்பதியைத் தாண்டித் தனியாகப் போகாதவள் எப்படிப் போவாய் என்று அத்தை கேட்கிறாள், இந்தியாவில் இருக்கிற ஊருக்கெல்லாம் லைன் போட்டவளுக்கு ஒரு ஊருக்குப் போகத் தெரியாதா என்றேன். சத்துமாவுக்கு வறுத்துக் காயவைத்திருக்கிறது, நாளைக்கு மில்லில் கொடுத்து அரைத்து இரண்டு தடவை சலித்துக்கொண்டு வருகிறேன், கம்பிக்குள் இறங்குகிற பதத்துக்குக் கரைத்துத் தருகிறேன். அதுவரை பருப்புத் தண்ணீரும் மோருமாவது குடி, சூடாக எதையும் உறிஞ்சாதே, ஒவ்வொரு தடவையும் உப்புத் தண்ணீரில் வாயை அலசு. தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு படு. உமேஷை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லாதே, அவர் உன் பக்கத்தில் இருக்கட்டும், நான் ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன்.

அம்மா நீ வா, ஆனா என்னைக் கூட்டிட்டுப் போக வராதே என்று நேற்று அனுப்பியிருந்தாய். படித்ததும் போனைக் கட்டிலில் வீசினேன். கூட்டிக்கொண்டு வந்துவிடு என்றுதான் அப்பா வாயைத் திறந்த போதெல்லாம் சொல்கிறார். எனக்கும் அந்த ஊரும் வேண்டாம், அந்தப் பேப்பரும் வேண்டாம், நீ இந்த ஹாலில் உட்கார்ந்து என்னோடு சண்டை போட்டால் போதும் என்றிருக்கிறது. ஆனால் அந்தப் பாகங்களைப் படித்துத் தொலைத்துவிட்டேனே. கடைசிப் பாகத்தை நீ எழுதாமல் விடமாட்டாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது தெரியாமலே இருந்திருந்தால் உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன்.

முருகன் அருளால் நீ நூறு வயசு திடமாக இருக்க வேண்டும், கண்ணு. அப்பாவும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறார், கையெழுத்துப் போடச் சொன்னால் கண் தெரியவில்லை என்று சாக்குச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. நான் போக மட்டும்தான் டிக்கெட் எடுத்திருக்கிறேன். திரும்பி வர ஒரு டிக்கெட்டா இரண்டு டிக்கெட்டா என்று கம்பியை அவிழ்க்கிற அன்றைக்கு நீ சொல்ல வேண்டும், அதுவரை நான் அங்கேயே இருப்பேன். ஒன்று என்று சொன்னால் நான் அழுவேன், ஆனால் கேட்டுக்கொள்வேன். தட்டி அனுப்பாதே, எழுதிக் காட்டாதே. எழுத்தை நம்பி ஒரு வாரம் உன்னைத் தொலைத்தேன். எதுவானாலும் உன் வாயைத் திறந்து, உன் குரலில் சொல்.

உன்,
அம்மா பாலாம்பாள்